உதடு மூடாத ‘ம்’

திருவக்கரையில் கல்மரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தால் கண்ணுக்கும் கைக்கும் வழக்கு வந்துவிடுகிறது. கண் அதை மரம் என்கிறது. பட்டையின் வெடிப்பு தெரிகிறது, கிளை ஒடிந்த இடத்து முடிச்சு தெரிகிறது, வெட்டுமுகத்தில் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக ஓடுகின்றன. கையோ கல் என்கிறது. வெயிலில் கல் சுடுகிற மாதிரி சுடுகிறது. சாவியால் தட்டினால் கல்லின் ஓசை வருகிறது. இரண்டு சாட்சியும் உண்மை என்பதுதான் அந்த இடத்தின் அதிசயம்.

திண்டிவனத்திலிருந்து மயிலம் வழியாகப் புதுச்சேரி போகும் சாலையிலிருந்து பிரிந்தால் திருவக்கரை. சம்பந்தர் பாடிய தலம். வக்ரகாளி கோயிலுக்குப் பௌர்ணமி தோறும் கூட்டம் வரும். அந்தக் கூட்டத்தில் பலர், கோயிலுக்குக் கிழக்கே ஒரு கிலோமீட்டரில் இருக்கும் தேசியக் கல்மரப் பூங்காவைப் பார்க்காமலே பஸ் ஏறிவிடுகிறார்கள். பார்த்தவர்களுக்கு ஊரில் ஒரு கதை உண்டு: இவை மரமே இல்லை, வக்ராசுரனின் எலும்புகள். கதையை நான் தள்ளிவிட மாட்டேன். இது ஒருகாலத்தில் உயிரோடு இருந்தது, இப்போது கல்லாகக் கிடக்கிறது என்று முதலில் கண்டுகொண்டவர்கள் அந்தக் கதையைச் சொன்னவர்கள். ஐரோப்பியர்களில் இதைக் குறித்துவைத்தவர் பியர் சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர், ஆண்டு 1781. இன்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசியப் புவிச் சின்னமாகக் காக்கிறது. ஏறக்குறைய 200 மரங்கள். வயது சுமார் 2 கோடி ஆண்டு.

அங்கே போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எந்த மரமும் நின்றுகொண்டிருக்கவில்லை. எல்லாம் படுத்துக் கிடக்கின்றன. வேர் இல்லை, கிளை இல்லை, இலையின் தடம் இல்லை, அடிமரம் மட்டும். ஒரு காடு நின்ற இடத்திலேயே கல்லாகியிருந்தால் வேர் மண்ணுக்குள் இருக்கும். ஆகவே இந்த மரங்கள் இந்த மண்ணில் முளைத்தவை அல்ல. எங்கோ மேட்டில் முளைத்து, பெருவெள்ளத்தில் பெயர்ந்து, உருண்டு வரும் வழியில் வேரையும் கிளையையும் இழந்து, மணலோடு மணலாக இங்கே வந்து தங்கியவை. ஊர் விட்டு வந்த மரங்கள்.

வந்து தங்கிய பிறகு நடந்ததுதான் வேதியியல். மணலும் களியும் மேலே மூடியதால் காற்று உள்ளே போகவில்லை. காற்று இல்லாத இடத்தில் பூஞ்சைக்கு வேலை இல்லை, மரம் மக்கவில்லை. நிலத்தடி நீரில் மணற்சத்தான சிலிக்கா கரைந்திருந்தது. அந்த நீர் மரத்தின் நீர்க்குழாய்களுக்குள், மரம் உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து தண்ணீர் ஏறிய அதே பாதையில், புகுந்தது. செல்சுவர்களில் சிலிக்கா ஒட்டிப் படிந்தது. முதலில் சுவரைப் பூசியது, பிறகு குழாயை நிரப்பியது, மெல்ல மெல்ல மரச்சத்து கரைந்து போக அந்த இடத்தையும் பிடித்துக்கொண்டது. முடிவில் மரத்தின் வடிவம் முழுக்க இருந்தது. மரம் ஏறக்குறைய இல்லை. இதற்குக் கோடிக்கணக்கான ஆண்டு வேண்டும் என்று நினைத்தோம். ஜப்பானில் சிலிக்கா மிகுந்த ஒரு வெந்நீர் ஊற்றில் மரத்துண்டுகளைப் போட்டுப் பார்த்தபோது, ஏழே ஆண்டில் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிலிக்காவாகியிருந்தது. கல்லாவதற்குக் காலத்தைவிட ஏற்ற தண்ணீர் முக்கியம்.

அப்படி ஆன கல்லிலிருந்து ஒரு சில்லை அறுத்து, 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்தால் ஒளி ஊடுருவும். நுண்ணோக்கியில் வைத்தால் நீர்க்குழாய் எத்தனை, எந்த வரிசையில், ஆரக்கதிர்கள் எப்படி ஓடுகின்றன என்றெல்லாம் எண்ணலாம். அதை வைத்துத்தான் இது மா இனம், இது புளி இனம் என்று குடும்பம் சொல்கிறார்கள். வேரும் கிளையும் போன பின்பும் ஒரு மெல்லிய சீவலில் குடும்பம் தெரிந்துவிடுகிறது.

இந்தக் கடைசிச் செய்தி என்னை வேறொரு சீவலிடம் கொண்டுபோனது. அது ஒரு பெயர். ரோமன் எழுத்தில் எழுதப்பட்ட ஒரு தமிழ்ப் பெயர், அட்லாண்டிக்குக்கு அப்பால், கரீபியன் கடலில் உள்ள குவாதலூப் என்ற தீவில்.

கோயிலை ஒட்டி ஓடும் சங்கராபரணி (வராக நதி, செஞ்சியாறு என்றும் சொல்வோம்) வில்லியனூர் தாண்டிப் புதுச்சேரிப் பக்கம் கடலில் கலக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அந்த ஆறு போன திசையிலேயே ஆட்களும் போனார்கள். பிரான்ஸ் 1848இல் தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்குக் கூலியாட்கள் வேண்டும். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஆள்சேர்ப்பு தொடங்கியது. மேஸ்திரிகள் தென்னாற்காடு, தஞ்சைக் கிராமங்களுக்குள் நடந்தார்கள். இன்றைய திண்டிவனம், விழுப்புரம் எல்லாம் அந்தத் தென்னாற்காட்டில்தான் இருந்தன. ‘ஓரேலி’ என்ற கப்பல் 1853 மே மாதம் மார்ட்டினிக் தீவில் முதல் கூட்டத்தை இறக்கியது. அதே கப்பல் 1854 டிசம்பர் 24இல் குவாதலூப்புக்கு வந்தது. அதன் பிறகு 1889 வரை குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேர். மார்ட்டினிக்குக்கு 25,000க்கு மேல். எல்லாரும் தமிழர் அல்லர். கல்கத்தா வழியாகப் போனவர்களும் உண்டு. ஆனால் அந்தத் தீவுகளின் இந்திய வாழ்வில் தமிழின் கை ஓங்கியிருந்தது.

ஐந்தாண்டு ஒப்பந்தம். ஆணுக்கு மாதம் பன்னிரண்டரை பிராங்க் கூலி. முடிந்ததும் இலவசமாகத் திரும்பலாம் என்று காகிதம் சொன்னது. குவாதலூப்புக்குப் போனவர்களில் கால்வாசிக்கும் குறைவானவர்களே திரும்பினார்கள். பெரும் பகுதியினர் தோட்டத்திலேயே மாண்டார்கள். மற்றவர்கள் தங்கினார்கள்.

இறங்கிய ஒவ்வொருவருக்கும் பதிவேட்டில் ஓர் எண், எண்ணுக்கு எதிரே ஒரு பெயர். எழுதிய குமாஸ்தாவுக்குத் தமிழ் தெரியாது. சொன்னவருக்குப் பிரெஞ்சு தெரியாது. ஒருவர் வாயைத் திறந்து பெயரைச் சொன்னார். மற்றவர் காதில் விழுந்ததைத் தன் மொழியின் எழுத்துக்கூட்டலில் எழுதினார். எழுதிய பெயர் அடுத்த தலைமுறைக்குக் குடும்பப் பெயரானது. நம்மிடம் அப்பாவின் பெயர் முதலெழுத்தாகச் சுருங்கி, பேரன் காலத்தில் மறைந்துவிடும். பிரெஞ்சுப் பதிவு முறையிலோ முதல் ஆளின் பெயர் அப்படியே உறைந்து நின்றது. முத்துசாமி என்று ஒருவர் 1860களில் இறங்கினார் என்றால், அவருடைய கொள்ளுப்பேத்தியும் முத்துசாமிதான்.

இனி ஒரு சின்னச் சோதனை. ‘மரம்’ என்று சொல்லுங்கள், மேடையில் பேசுகிற மாதிரி அல்ல, ‘அந்த மரம் பட்டுப்போச்சு’ என்று வீட்டில் சொல்கிற மாதிரி. உதடு மூடியதா? மூடியிருக்காது. ‘ம்’ என்ற மெய் வரவில்லை. அதற்குப் பதிலாகக் கடைசி உயிர் ‘ஒ’ பக்கம் சாய்ந்து மூக்கு வழியாக வெளியேறியது. அடுத்து ‘அவன் வந்தான்’ என்று சொல்லுங்கள். ‘அவன்’ என்பதில் நாக்கு நுனி மேலே தொட்டதா? தொடவில்லை. ‘ன்’ இல்லை, ‘எ’ போன்ற ஓர் உயிர் மூக்கில் ஒலித்தது. இது வட்டார வழுவோ சோம்பலோ அல்ல. பேச்சுத் தமிழின் ஒழுங்கான ஒலிவிதி: சொல்லின் கடைசியில் ‘அம்’ வந்தால் மூக்கொலியோடு ‘ஒ’, ‘அன்’ வந்தால் மூக்கொலியோடு ‘எ’. தினமும் ஆயிரம் முறை செய்கிறோம். எழுத்தில் ஒருபோதும் எழுதுவதில்லை. நம் எழுத்து அதைக் காட்டாது. கல்வெட்டிலும் ஏட்டிலும் தேடினால் சிதம்பரம் என்றும் வீரப்பன் என்றும் முழு மெய்யோடு நிற்கும்.

பிரெஞ்சு மொழியில் அந்த மூக்குயிர்கள் இருக்கின்றன. புதுச்சேரியில் எல்லாரும் அறிந்த ‘பொன்ழூர்’ என்ற வணக்கத்தில் முதல் அசை அதுதான்: மூக்கில் ஒலிக்கும் ‘ஒ’. அதை எழுத ‘ஓ’வும் ‘என்’னும் அல்லது ‘ஓ’வும் ‘எம்’மும் சேர்ப்பார்கள். மூக்கில் ஒலிக்கும் ‘எ’வுக்கு ‘ஐ’, ‘என்’ என்ற இரண்டு எழுத்து. ஒயினைக் குறிக்கும் சொல்லில் வருவது அது. இப்போது குவாதலூப், மார்ட்டினிக் குடும்பப் பெயர்களைப் பாருங்கள். வைத்திலிங்கம் அங்கே ‘ஓ, என்’ என முடிகிறது: வைத்திலிங்கொன். வீரப்பன் ‘ஐ, என்’ என முடிகிறது: விராப்பின். நாகப்பன், நாகாப்பின். கோவிந்தன், கோவிந்தின். பார்க்கிறவர்களுக்குச் சிதைந்த பெயர்களாகத் தோன்றும். பிரெஞ்சுக்காரர் படிக்கிற மாதிரி உரக்கப் படித்தால், ‘அந்த வீரப்பன் எங்க?’ என்று நம் தெருவில் கேட்கிற ஒலிக்கு மிக அருகில் வந்து நிற்கும்.

குமாஸ்தா தவறாக எழுதவில்லை. நாம் எழுதாமல் விட்டதை அவர் எழுதிவிட்டார்.

ஒன்று இரண்டு பெயரில் மட்டும் இப்படி இருந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். கோயில் பக்கம் போனாலும் அதே விதி வேலை செய்கிறது. மாரியம்மன் அங்கே ‘மாலியேமின்’. முடிவு ‘ஐ, என்’. மதுரைவீரன் ‘மால்தேவிலின்’, மறுபடி ‘ஐ, என்’. நாடகம் ‘நாத்ரோன்’, மத்தளம் ‘மத்தலோன்’. இரண்டிலும் ‘அம்’ இருந்த இடத்தில் ‘ஓ’வோடு மூக்கெழுத்து. அன் எல்லாம் ஒரு பக்கம், அம் எல்லாம் இன்னொரு பக்கம் என்று இவ்வளவு நேர்த்தியாகப் பிரிகிறது என்றால், 1850களில் கப்பலேறிய நம் ஆட்கள் இன்று நாம் பேசுவது போலவே பேசினார்கள் என்று ஆகிறது. ஆங்கிலேயக் காலனிக்குப் போன பெயர்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். கயானாவில் நாகமுத்து ‘நாகமூட்டூ’ ஆனார், பெருமாள் ‘பெர்மால்’ ஆனார். வெஸ்ட் இண்டீஸ் அணிக்குச் சுழல்பந்து வீசிய மகேந்திர நாகமூட்டூவும் வீராசாமி பெர்மாலும் அந்த வழியில் வந்தவர்கள். ஆங்கிலத்தில் மூக்குயிர் கிடையாது. அதனால் ஆங்கிலக் குமாஸ்தாவின் பேனாவில் அந்த ஒலி சிக்கவில்லை. எந்தத் தண்ணீர் என்பதைப் பொறுத்துத்தான் எது கல்லாகும் என்பதும்.

குழம்பின் கதை இதைவிட அழகு. குவாதலூப்பின் தேசிய உணவு போல மதிக்கப்படுவது ‘கொலொம்போ’. ஆட்டுக்கறியில், கோழியில், மீனில் செய்வார்கள். மல்லி, மஞ்சள், கடுகு, வெந்தயம், சீரகம், மிளகு சேர்ந்த தூள். சிலர் அரிசியை வறுத்து அரைத்துச் சேர்ப்பார்கள். பெயரைக் கேட்டுப் பலர் இலங்கைக் கொழும்பு என்று நினைத்துவிடுகிறார்கள். அது நம் குழம்பு. அப்படியானால் ‘கு’ எப்படிக் ‘கொ’ ஆயிற்று? மாறவில்லை. நாமே ‘கொழம்பு’ என்றுதானே சொல்கிறோம்? அடுத்த அசையில் ‘அ’ வந்தால் முன்னால் உள்ள ‘உ’ பேச்சில் ‘ஒ’வாக இறங்கும், குடம் ‘கொடம்’ ஆவது, உலகம் ‘ஒலகம்’ ஆவது இதே விதி. ‘ழ’ மட்டும் ‘ல’ ஆயிற்று. அது நம் பக்கத்து ஊர்களிலேயே பாதிப் பேர் வாயில் நிற்பதில்லை. அந்தத் தீவில் கோயில் விருந்தில் ஊற்றும் காரமான ரசத்துக்குப் பெயர் ‘மொல்தனி’. மிளகுத்தண்ணி. ‘மொளகுத்தண்ணி’ என்று பாட்டி சொல்வாள். அந்த ‘மொ’ அப்படியே இருக்கிறது.

இந்த இடத்தில் கல்மரத்தோடு ஒப்பிடுவதை நான் நிறுத்திக்கொள்ள வேண்டும். மரம் கல்லாகித் தப்பியது, உயிருள்ள எதுவும் அதைத் தொடாததால். காற்றுக்கும் பூஞ்சைக்கும் எட்டாமல் புதைந்ததால். குழம்பு தப்பியது எல்லாரும் தொட்டதால். ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தவர்கள் அதைத் தங்கள் அடுப்பில் ஏற்றாமல் இருந்திருந்தால், தமிழ் வீடுகளில் மட்டும் பொத்தி வைத்திருந்தால், தமிழ்ப் பேச்சு மறைந்தபோது அந்தச் சொல்லும் மறைந்திருக்கும். பேசும் மொழியாகத் தமிழ் அந்தத் தீவுகளில் நிற்கவில்லை. வழிபாட்டுப் பாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிரியோல் மொழியோடு கலந்த சொற்கள்தான் தெருவில் உயிரோடு நடக்கின்றன.

பெயர்களுக்கும் அப்படி ஒரு சோதனை வந்தது. தோட்டத்துப் பதிவேட்டில் ஒரு பெயர் இருப்பது ஒன்று. அந்தப் பதிவேடு ஆளைக் கட்டுக்குள் வைக்க எழுதப்பட்டது: யார் எந்தத் தோட்டத்துக்கு, எத்தனை நாள் வேலைக்கு வரவில்லை, ஒப்பந்தம் எப்போது முடிகிறது. அதே பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறுவது முற்றிலும் வேறு. முதல் பதிவேட்டிலிருந்து இரண்டாவதற்குப் போக ஏறக்குறைய 70 ஆண்டுகள் ஆயின. வழி திறந்தவரின் பெயர் ஹென்றி சிதம்பரம். ரோமன் எழுத்தில் ‘எஸ்’ஸில் தொடங்கி ‘ஓ, எம்’மில் முடியும்: சிதாம்பரோம். ஆங்கிலேயர் நம் ஊரை எழுதும்போது ‘ச்சி’ என்று அழுத்திவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர் காதில் விழுந்த மெல்லிய ‘சி’யை அப்படியே எழுதினார், கடைசியில் உதடு மூடாததையும் எழுதினார். ஒரே பெயரில் இரண்டு சாட்சி.

சிதம்பரம் 1863இல் குவாதலூப்பின் கப்பெஸ்தேர் என்ற ஊரில், ஒப்பந்தத்தில் வந்த இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தார். படித்தார், பொது வாழ்வில் இறங்கினார். தன்னைப் போலத் தீவிலேயே பிறந்து வளர்ந்த இந்தியப் பிள்ளைகள் எந்தக் கணக்கிலும் சேராமல் இருப்பதைப் பார்த்தார். சிக்கல் இதுதான். 1861இல் பிரான்ஸும் பிரிட்டனும் ஓர் ஒப்பந்தம் போட்டு, பிரிட்டிஷ் இந்தியாவில் ஆள் சேர்க்கப் பிரான்ஸுக்கு வழி விட்டிருந்தன. அப்படி வந்தவர்கள் பிரிட்டிஷ் அரசியின் குடிகள். திண்டிவனத்துக்காரர் ஒருவர் புதுச்சேரியில் கப்பலேறியிருந்தாலும் சட்டப்படி அவர் வேற்றுநாட்டவர். அவர் பிள்ளை? அந்தப் பிள்ளையின் பிள்ளை? அவர்கள் கண்டதெல்லாம் கரும்பும் கிரியோலும் குவாதலூப்பும்தான். ஆனால் ஓட்டு இல்லை.

இங்கே நம் பக்கத்தில் நடந்ததை நினைத்தால் மனசு ஆறவில்லை. புதுச்சேரித் தமிழர்கள் 1870களிலேயே பாரீஸ் நாடாளுமன்றத்துக்கு ஆள் அனுப்ப ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1873இல் பொன்னுத்தம்பி என்ற வழக்கறிஞர் ஐரோப்பியர் போலக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் போனார், தண்டிக்கப்பட்டார், பாரீஸின் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றார். 1881இல் ஓர் ஆணை வந்தது: தங்கள் சாதி, சமய வழக்குச் சட்டங்களை விட்டுப் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்கிறோம் என்று பதிவு செய்கிறவர்கள் அதன்கீழ் வரலாம், அதற்கு ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி ‘லபோர்த்’ என்று வைத்துக்கொண்டார். வாசல் என்று பொருள். புதுச்சேரியில் உரிமைக்காகப் பிரெஞ்சுப் பெயர் வைத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். குவாதலூப்பில் தமிழ்ப் பெயரோடு உரிமை கேட்டார்கள்.

அவர்கள் கையில் இருந்த ஆயுதம் 1889ஆம் ஆண்டுச் சட்டம். வேற்றுநாட்டவருக்குப் பிரெஞ்சு மண்ணில் பிறந்து, வயது வரும்போது அங்கேயே வாழ்கிறவர் பிரெஞ்சுக் குடிமகன் என்று அந்தச் சட்டம் சொன்னது. அது குவாதலூப்புக்கும் மார்ட்டினிக்குக்கும் பொருந்தும் என்றும் சட்டத்திலேயே இருந்தது. இருந்தும் நடைமுறையில் இந்தியப் பிள்ளைகளுக்கு அதைப் பொருத்த நிர்வாகத்துக்கு மனம் வரவில்லை. சிதம்பரம் 1904இல் அவர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கக் கேட்டார். தீவின் ஆளுநர் எதிர்த்தார். விவகாரம் நீதிமன்றம் ஏறியது. கேள்வி எளிமையானது: இந்த மண்ணில் பிறந்தவன் இந்த மண்ணின் குடிமகனா இல்லையா? விடை வர 19 ஆண்டுகள். இடையில் ஓர் உலகப் போர் முடிந்துவிட்டது. மனு மேல் மனு, கடிதத்தின் மேல் கடிதம் எழுதினார். 1923இல், பிரெஞ்சுப் பிரதமர் ரெமோன் புவான்கரே காலத்தில், இந்திய வம்சாவளியினரின் குடியுரிமையும் வாக்குரிமையும் ஏற்கப்பட்டன. வழக்கைத் தொடங்கியபோது சிதம்பரத்துக்கு ஏறக்குறைய நாற்பது வயது; முடிந்தபோது ஏறக்குறைய அறுபது.

அந்த 19 ஆண்டில் என்னை வியக்க வைப்பது பொறுமை மட்டும் அல்ல. தனி ஒருவர் தனக்காகக் குடியுரிமை மனுப் போடுவது எளிது, வழி இருந்தது. அவர் எல்லாருக்கும் சேர்த்துக் கேட்டார். கேட்டது சலுகையும் அல்ல, ஏற்கெனவே இருக்கும் சட்டத்தை ஏற்கெனவே இருக்கும் மக்களுக்குப் பொருத்துங்கள் என்று. இந்தக் கோரிக்கையைத் தள்ளிப் போடலாம். மறுக்க வார்த்தை கிடைக்காது. கிடைத்த உரிமை அப்போது ஆண்களுக்கு மட்டும். பிரான்ஸில் எந்தப் பெண்ணும் 1944 வரை வாக்காளர் அல்ல. குவாதலூப்பின் தமிழ்வழிப் பெண்கள் இன்னும் இருபது ஆண்டுக்கு மேல் காத்திருந்தார்கள்.

ஆங்கிலேயர் ஆண்ட தீவுகளில் வேறு வகைத் தடை வந்தது. டிரினிடாட்டில் எல்லா வயதுவந்தோருக்கும் ஓட்டு என்ற பேச்சு 1940களில் எழுந்தபோது, ஆங்கிலம் புரிந்தால்தான் ஓட்டு என்று ஒரு நிபந்தனையைச் சேர்க்கப் பார்த்தார்கள். வீட்டில் இந்தியும் போஜ்பூரியும் பேசிய முதியவர்கள் ஒரே அடியில் வெளியே நின்றிருப்பார்கள். கிருஷ்ண தேவநாராயண் என்று பிறந்து ஏட்ரியன் கோலா ரியென்சி என்று பெயர் மாற்றிக்கொண்ட தொழிற்சங்கத் தலைவர் அதை எதிர்த்தார், எதிர்ப்பு பரவியது, நிபந்தனை கைவிடப்பட்டது. 1946 தேர்தலில் எல்லாரும் ஓட்டுப் போட்டார்கள். பேசும் மொழி ஒருவரை வாக்காளர் ஆக்கவும் கூடாது, நீக்கவும் கூடாது என்று ஒரு சின்னத் தீவு அன்றைக்கே தீர்த்துவைத்தது எனக்குப் பெரிய செய்தி.

கப்பல் அங்கேயும் நின்றுவிடவில்லை. 1960களுக்குப் பிறகு கயானாவிலிருந்தும் டிரினிடாட்டிலிருந்தும் ஆட்கள் நியூயார்க் போனார்கள். குவீன்ஸ் பகுதியில் ரிச்மண்ட் ஹில் என்ற வட்டாரத்தில் இன்று கயானாக் கடைகள், கயானா ரொட்டி, கயானாக் காளி கோயில். அந்தக் காளி வழிபாட்டைக் கயானாவில் ‘மதராசி’ மரபு என்றே சொல்வார்கள்; தப்பு அடித்து, வேப்பிலை பிடித்து, சாமி வந்து ஆடுவார்கள். வக்ரகாளி கோயில் வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

அங்கே எழுந்த சிக்கலும் பதிவேட்டுச் சிக்கல்தான். அமெரிக்க மக்கள்தொகைப் படிவத்தில் இனம் எது என்று கட்டங்கள் இருக்கும். ஐந்து தலைமுறைக்கு முன் இந்தியாவிலிருந்து போய், கரீபியனில் பிறந்து, அமெரிக்காவுக்கு வந்த ஒருவர் எந்தக் கட்டத்தில் குறிப்பார்? ஒருவர் ஆசிய இந்தியர் என்பார். அவர் தம்பி ‘மற்றவர்’ என்பார். இன்னொருவர் வெறும் கட்டத்தோடு விட்டுவிடுவார். எண்ணிக்கை சிதறிவிடும். எண்ணிக்கை சிதறினால் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வரும் நிதியும் மொழிபெயர்ப்பு உதவியும் சிதறும். தொகுதி எல்லைக் கோடுகள் அந்த வட்டாரத்தைப் பல துண்டாக்கியிருந்ததால் ஓட்டும் சிதறியது. இந்தோ-கரீபியன் அமைப்புகள் வீடு வீடாகப் போய், வெற்றுக் கோட்டில் உங்கள் வேரை நீங்களே எழுதுங்கள் என்று சொல்லிக் கொடுத்தார்கள். தொகுதி வரையும் ஆணையங்களின் முன் நின்று எங்கள் வட்டாரத்தைச் சேர்த்து வையுங்கள் என்று கேட்டார்கள். 2021இல் அங்கே ஒரு தெருச் சந்திப்புக்கு ‘லிட்டில் கயானா அவென்யூ’ என்று கூடுதல் பெயர் வைத்தார்கள். கடற்கரையில் ஒதுங்கும் பூசைப் பொருள்களைப் பக்தர்களே திரட்டி அள்ளும் வேலையும் அந்தச் சமூகத்தில் நடக்கிறது. நியூயார்க்கின் ஜமைக்கா வளைகுடாவை அவர்கள் கங்கையாகப் பார்க்கிறார்கள். அது தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் உள்ள இடமும்கூட. துணி, தட்டு, சிலை என்று தண்ணீரில் மிதக்கும் எல்லாவற்றையும் தாங்களே கூடை கூடையாக வாரினார்கள்.

சிதம்பரம் 1952இல் இறந்தார். அதற்கு ஆறு ஆண்டு முன்பே, 1946இல், குவாதலூப் காலனியாக இருந்த நிலை போய்ப் பிரான்ஸின் ஒரு மாவட்டம் ஆகிவிட்டது. 1981இல் அந்த மாவட்டம் எர்னஸ்ட் முத்துசாமியைப் பாரீஸ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. 2002 வரை அவர் அங்கே இருந்தார், சேன் பிரான்சுவா ஊரின் மேயராகவும் இருந்தார். கயானாவில் மோசஸ் நாகமூட்டூ 2015இல் பிரதமரானார். இருவருமே தமிழ் பேசுகிறவர்கள் அல்லர். பெயரில் தமிழ் இருக்கிறது.

திருவக்கரைப் பூங்காவில் மண்ணைப் பார்த்து நடந்தால் நகக்கண் அளவுள்ள கல்மரச் சில்லுகள் மின்னும். எடுக்கக் கூடாது, சட்டமும் அப்படி, நியாயமும் அப்படி. குனிந்து பார்க்கலாம். நான் ஒரு சில்லின் முன் உட்கார்ந்து, சத்தமாகவே, ‘சிதம்பரம்’ என்று பேச்சுவழக்கில் சொல்லிப் பார்த்தேன். உதடு மூடவில்லை.

பிரெஞ்சுத் தேர்தலில் ஒரு வழக்கம் உண்டு. வாக்காளர் மேசைக்கு வந்ததும் அதிகாரி பட்டியலைப் பார்த்து அவர் பெயரை உரக்கப் படிப்பார். கண்ணாடிப் பெட்டியின் மூடியைத் திறக்க ஒரு நெம்புகோல். அதைத் தள்ளியதும் உறை உள்ளே விழும். உடனே அதிகாரி எல்லாருக்கும் கேட்கும்படி ‘வாக்களித்தார்’ என்று அறிவிப்பார். கப்பெஸ்தேர் ஊரிலும் அப்படித்தான். தேர்தல் நாளில் அந்த அறையில் விராப்பின், நாகாப்பின், வைத்திலிங்கொன் என்று பெயர்கள் ஒவ்வொன்றாக உரக்க ஒலிக்கின்றன, தெருவில் நாம் கூப்பிடுகிற மாதிரியே.